கடலுக்குப் போகிறவர் பங்காளி அல்ல, தொழிலாளி

விசைப்படகில் வேலை செய்பவர்களின் கூலியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், துறைமுகத்திலும் அரசு அலுவலகத்திலும் மீனவர் நலனுக்காக நடத்தப்படும் கருத்தரங்கிலும் ஒரே பதில்தான் வருகிறது. கடல் தொழிலில் கூலி என்பதே கிடையாது, படகில் ஏறுகிற எல்லோரும் பங்குக்காரர்கள், மீன் பட்டால் எல்லோருக்கும் கிடைக்கும், படாவிட்டால் யாருக்கும் இல்லை என்பதே அந்தப் பதில். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. முதலாளி, தொழிலாளி என்ற பிளவே இல்லாத ஒரு சமத்துவத் தொழில் நம் கடற்கரையில் நடப்பது போன்ற எண்ணத்தையும் அது தருகிறது. ஆனால் இந்தப் பதிலின் நிழலில்தான் மற்ற எல்லா முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. பங்குக்காரருக்குக் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தாது. வேலை நேரம் என்று ஒன்று இல்லை. வைப்பு நிதி இல்லை. விபத்து நடந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு யார் தலையிலும் இல்லை. தமிழ்நாட்டின் விசைப்படகுகளில் வேலை செய்யும் பெரும்பாலோர் பங்காளிகள் அல்லர், தொழிலாளர்கள் என்பதே என் வாதம். பங்கு என்பது அவர்களுடைய கூலியைக் கணக்கிடும் ஒரு முறை. தொழிலின் நட்டத்தில் பெரும்பகுதியைச் சொத்தில்லாதவர் தோளில் ஏற்றிவைக்கும் முறையும் அதுதான்.

முதலில் ஒரு வரம்பைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் சேர்ந்து கடன் வாங்கி ஒரு ஃபைபர் படகும் என்ஜினும் வலையும் வாங்கி, நாலு பேரும் கடலுக்குப் போய், வந்த பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டால் அது உண்மையான கூட்டுத் தொழில். அண்ணன் தம்பிகளோ மாமன் மச்சான்களோ அப்படிச் செய்யும் ஊர்கள் கடற்கரை நெடுகிலும் உண்டு. அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. உரிமையாளர் கரையில் இருக்க, டிரைவரும் ஆட்களும் நாட்கணக்கில் தங்குகடல் போய்வரும் காசிமேடு, நாகப்பட்டினம், தேங்காய்ப்பட்டணம் படகுகளைப் பற்றியும், இரவெல்லாம் இழுவலை இழுத்துவிட்டு விடியலில் கரை திரும்பும் இராமேசுவரம் படகுகளைப் பற்றியும் பேசுகிறேன். ஃபைபர் படகின் நியாயத்தை எடுத்து விசைப்படகுக்குப் போர்த்துவதில்தான் இந்தப் பொதுக்கருத்தின் முதல் பிழை இருக்கிறது.

படகு கரைசேர்ந்த பிறகு கணக்குப் பார்க்கும் முறையை அருகில் சென்று கவனித்தாலே பாதி விளங்கிவிடும். விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை, முறை நடப்பில் உள்ளது. ஐந்து நாள் கடலில் தங்கிவிட்டு வந்த படகின் மீன் ரூ.3,00,000-க்கு ஏலம் போகிறது. டீசல், ஐஸ், அரிசி பருப்பு, தண்ணீர், ஏலக்காரரின் தரகு எல்லாம் சேர்ந்து ரூ.2,00,000 கழிகிறது. மீதி ஒரு லட்சத்தில் படகுக்கும் வலைக்கும் என்று உரிமையாளர் 60 விழுக்காடு எடுத்துக்கொண்டால், ஆட்களுக்கு ரூ.40,000. இந்த விகிதம் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். எட்டுப் பேரில் டிரைவருக்கு இரண்டு பங்கு என்றால் மொத்தம் ஒன்பது பங்கு. ஓர் ஆளுக்கு ஏறத்தாழ ரூ.4,400. அடுத்த முறை மீன்பாடு குறைந்து ரூ.1,80,000 மட்டுமே வந்தால், செலவே ரூ.20,000 தூக்கி நிற்கும். ஆட்களுக்கு அன்றைக்குப் பேட்டா மட்டும்தான். பல இடங்களில் அந்த ரூ.20,000 அடுத்த நடையின் செலவோடு சேர்க்கப்படும். மூன்றாவது நடையில் மறுபடியும் மூன்று லட்சத்துக்கு மீன் பட்டாலும் ஆளுக்குக் கிடைப்பது ரூ.3,600-க்கும் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது வரிசை. டீசல் விற்றவருக்கு முழுப் பணம், ஐஸ் கம்பெனிக்கு முழுப் பணம், தரகு முழுதாக. மீன் பட்டதா இல்லையா என்ற கேள்வி இவர்கள் யாரையும் தொடுவதில்லை. படகில் ஏறிய உழைப்பு மட்டுமே, எல்லாச் செலவும் கழிந்த பிறகு மிச்சம் இருந்தால்தான் விலை பெறுகிறது.

உரிமையாளருக்கும் அன்று நட்டம்தானே என்று கேட்பார்கள். நட்டம்தான். ஆனால் அவரிடம் படகு இருக்கிறது, பதிவுச் சான்று இருக்கிறது, அதை வைத்துக் கடன் வாங்க முடியும், முடியாவிட்டால் விற்க முடியும். ஆளுக்கு இருப்பது அவர் உடம்பு மட்டும். மேலும் பங்காளி என்றால் அவருக்குச் சில உரிமைகள் இருந்தாக வேண்டும். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தொழிலை நடத்துவதில் பங்கேற்கும் உரிமையையும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து நகல் எடுக்கும் உரிமையையும் தருகிறது. மீனை எந்த ஏலக்காரரிடம் கொடுப்பது, எந்த விலைக்கு விடுவது, எத்தனை நாள் கடலில் நிற்பது, எந்த வலையைப் போடுவது என்று வலை இழுக்கும் ஆளிடம் யார் கேட்கிறார்கள்? டீசல் பில்லைக் காட்டச் சொன்னால் அடுத்த நடைக்குப் படகில் இடம் இருக்குமா? அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது: தொழிலின் இலாபத்தில் ஒரு பகுதியைத் தன் வேலைக்கான ஊதியமாகப் பெறுவதாலேயே வேலைக்காரர் கூட்டாளி ஆகிவிட மாட்டார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இருக்கும் இந்த விதி ஒன்றே பங்குக்காரர் வாதத்தை அடியோடு தள்ளுபடி செய்யப் போதுமானது.

நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியைப் பார்க்காமல் இல்லை. சௌராஷ்டிர உப்பளங்களில் வேலை செய்த அகரியாக்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. விளைவித்த உப்பின் எடைக்குத்தான் பணம். வேலைக்கு நேரம் கிடையாது. தங்கள் குடும்பத்தாரையும் வேறு ஆட்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் தனித்த ஒப்பந்தக்காரர்கள் என்று நிறுவனம் வாதாடியது. தாராங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் 1956-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. 1978-இல் கேரளத்தின் ஆலத் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி மேலே போனார்: தொழிலாளியின் பிழைப்பின் மீது யாருக்குப் பொருளாதாரப் பிடி இருக்கிறதோ அவரே முதலாளி, நடுவில் எத்தனை ஒப்பந்தக்காரர்கள் நின்றாலும் சரி. இந்த அளவுகோலை விசைப்படகில் வைத்துப் பாருங்கள். பருவத் தொடக்கத்தில் முன்பணம் கொடுத்து ஆளைப் படகோடு கட்டிவைப்பவர், வேண்டாமென்றால் ஒரு சொல்லில் இறக்கிவிடுபவர், கணக்கைத் தானே போட்டுத் தானே முடிப்பவர் யார்? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2007-இல் கொண்டுவந்த மீன்பிடி வேலை உடன்படிக்கை, பிடிப்பில் பங்கு பெறுபவரையும் சேர்த்தே மீன்பிடித் தொழிலாளரை வரையறுக்கிறது. பங்கு முறை என்றால் பங்கின் அளவையும் அதைக் கணக்கிடும் முறையையும் எழுத்தில் தர வேண்டும் என்கிறது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

பங்கு என்று சொல்லிவிட்டால் அரசு தலையிட முடியாது என்பவர்களுக்கு நம் காவிரிப் படுகையே பதில் சொல்லும். வாரத்துக்கும் குத்தகைக்கும் நிலம் உழுதவர்களும் அன்று விளைச்சலில் பங்கு பெற்றவர்கள்தான். நிலச்சுவான்தாரும் குத்தகைதாரரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விவகாரம் அது என்று அரசு கைகட்டி நிற்கவில்லை. 1952-ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சாகுபடி செய்பவரின் பங்கு 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றது. 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செயில் நிலச்சொந்தக்காரரின் பங்குக்கு 40 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. பின்னர் அது 25 ஆகக் குறைக்கப்பட்டது. வயலில் பங்கைச் சட்டம் அளக்க முடிந்தது. மழையும் வெள்ளமும் மீன்பாட்டைப் போலவே நிச்சயமற்றவைதான். அது தடையாக இருக்கவில்லை. கடலில் மட்டும் ஏன் முடியாது என்பதற்கு இதுவரை ஒருவரும் காரணம் சொன்னதில்லை.

வருமானத்தைச் சுட்டிக்காட்டும் மறுப்பு ஒன்று உண்டு. நல்ல பருவத்தில் ஒரே நடையில் ஆயிரக்கணக்கில் கையில் வாங்குகிறார்கள், ஊரில் கட்டட வேலைக்குப் போனால் இது கிடைக்குமா என்கிறார்கள். நல்ல நடையை மட்டும் எடுத்துப் பேசுவது கணக்காகாது. ஆண்டு முழுவதையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. இராமேசுவரத்தில் நாட்டுப்படகுகளோடு கடலைப் பகிர்ந்துகொள்ள விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான். தடைக்காலம் போக மிஞ்சும் சுமார் 43 வாரத்துக்கு மூன்று நாள் வீதம் கணக்கிட்டால், ஆண்டில் 130 நாள் கூட வரவில்லை. அதிலும் புயல் எச்சரிக்கை நாட்கள், வேலைநிறுத்த நாட்கள், என்ஜின் பழுதான நாட்கள் கழியும். கரையில் வலை தைப்பதும் ஐஸ் ஏற்றுவதும் பெரும்பாலும் பங்குக்குள் அடக்கம், தனிக்கூலி இல்லை. தடைக்கால நிவாரணம் 2023-இல் ரூ.5,000-இலிருந்து ரூ.8,000 ஆக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ரூ.131. நூறு நாள் வேலையில் ஒருவருக்கு 2024-25-இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி ரூ.319. கடலில் இருக்கும் நாட்களின் நேரமோ வேறு வகை. வலை போட்டு, சில மணி நேரம் இழுத்து, ஏற்றி, மீனைத் தரம் பிரித்து, ஐஸில் அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த வலையை ஏற்றும் நேரம் வந்துவிடும். மூன்று நாளுக்கு மேல் கடலில் நிற்கும் படகுகளில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று மேலே சொன்ன உடன்படிக்கை கூறுவதன் பொருள், துண்டு துண்டாகத் தூங்கி எழுந்து மறுபடி வலை இழுப்பவருக்குத்தான் தெரியும்.

பங்குக்காரர் என்ற ஏற்பாட்டின் உண்மையான விலை சாவிலும் சிறையிலும்தான் தெரியவருகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எத்தனை பேர் எந்தப் படகில் போனார்கள் என்ற கேள்விக்கு வாரக்கணக்கில் ஒரு முடிந்த எண்ணிக்கை கிடைக்கவில்லை. படகுக்குப் பதிவு எண் இருந்தது. அதில் ஏறியவர்களுக்குப் பட்டியல் இல்லை. பங்குத்தந்தையர் வீடு வீடாகப் போய்ப் பெயர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஏழு ஆண்டு செய்தி இல்லாவிட்டால்தான் ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்ற சாட்சியச் சட்ட விதி குறுக்கே நின்றது. அரசு அதைத் தளர்த்தித்தான் நிவாரணம் வழங்கியது. 2020 ஜூலை 1 அன்று கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் ஈரானிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடிக்கு அழைத்துவந்தபோது, கடல் கடந்துபோய் அங்குள்ள உரிமையாளர்களின் படகுகளில் உழைத்த தமிழ் மீனவர்களின் நிலை வெளியே தெரிந்தது. 2024 பிப்ரவரியில் இலங்கையின் ஊர்காவற்துறை நீதிமன்றம் எல்லை தாண்டிய படகுகளின் ஓட்டுநர்களுக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. செலவைக் கட்டினால்தான் தனக்குக் கூலி என்ற கட்டாயத்தில் மீன் இருக்கும் பக்கம் படகைத் திருப்புகிறவர் டிரைவர். உள்ளே போவதும் அவர்தான். இலாபத்தில் இரண்டு பங்கு வாங்கியவருக்குத் தண்டனையில் முழுப்பங்கு.

இது சமுதாயத் தொழில், ஒரே ஊர், ஒரே சொந்தம், சட்டத்தைக் கொண்டுவந்தால் அந்த உறவு கெடும் என்ற மறுப்பை நான் இலேசாக ஒதுக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்துகள் எத்தனையோ தகராறுகளை நியாயமாகத் தீர்த்திருக்கின்றன. ஆனால் இன்று படகில் ஏறுகிறவர் எல்லாரும் அந்தப் பஞ்சாயத்துக்கு உட்பட்டவர்கள் அல்லர். முனம்பம், மங்களூர் துறைமுகங்களில் கன்னியாகுமரி ஆட்களோடு ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆட்களும் வலை இழுக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே சொந்தமும் இல்லை, கோயிலும் இல்லை, குரல் கொடுக்க ஒரு பெரியவரும் இல்லை. கரைக்கு வந்தால் நிலைமை இன்னும் தெளிவு. இறால் உரிக்கும் கொட்டகையில் கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கு எந்தப் படகிலும் பங்கில்லை. இறால் பண்ணையில் இரவு காவலிருந்து நேரத்துக்கு நேரம் தீவனம் போடுபவருக்கு அறுவடையில் சிறு தொகை தருவதாகச் சொல்லிச் சம்பளத்தைக் குறைத்துவைப்பதும் பங்கு முறையின் இன்னொரு வடிவமே. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளை மூடச் சொன்னபோது, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர்களுக்குத் தொழிற்தகராறு சட்டப்படி இழப்பீடும், அதற்கு மேல் ஆறு ஆண்டு ஊதியமும் தர ஆணையிட்டது. மறுசீராய்வு மனுக்களாலும் 2005-இல் வந்த சட்டத்தாலும் அந்தத் தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். வந்திருந்தாலும், எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாதவர் ஓராண்டு வேலை செய்ததை எதைக் காட்டி நிறுவியிருப்பார்?

படகு உரிமையாளரே கடனில் மூழ்கியிருக்கிறார், அவர் எங்கிருந்து அடித்தளக் கூலி தருவார் என்பதுதான் இருப்பதிலேயே கனமான மறுப்பு. பலருடைய நிலை அதுதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியவர், மீனை அவரிடமே, அவர் கழிக்கும் தரகுக்கே கொடுத்தாக வேண்டும். அவர் மேலும் நெருக்கடி, அந்த நெருக்கடி அப்படியே ஆட்களின் மேல் இறங்குகிறது. ஆகவே முழுச்சுமையையும் ஒற்றைப் படகுக்காரர் தலையில் வைக்கச் சொல்லவில்லை. அரசு ஏற்கெனவே இந்தத் தொழிலுக்குப் பணம் தந்துகொண்டுதான் இருக்கிறது. விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் வரிவிலக்கு டீசல் என்று 2023-இல் அறிவித்தது. படகுக்குத் தரும் அந்தச் சலுகையோடு, படகில் ஏறுகிறவருக்கான ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதில் என்ன தடை? 2023-24-இல் இந்தியாவின் கடல்பொருள் ஏற்றுமதி ரூ.60,523 கோடி, அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறால். இந்தப் பணத்தில் ஒரு சிறு துளியைத் தீர்வையாகப் பெற்று நிதியம் அமைத்தால், மீன்பாடு இல்லாத நடையின் அடித்தளக் கூலியை அதிலிருந்து ஈடுசெய்யலாம். வெளிநாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு. ஐஸ்லாந்தில் மீனவர்கள் இன்றும் பங்கு முறையில்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் பங்கு குறைந்தால் உறுதி செய்யப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் உண்டு. பங்கும் அடித்தளமும் ஒரே படகில் இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. பிரிட்டன் பங்கு மீனவரைச் சுயதொழில் செய்பவராகத்தான் கருதுகிறது. ஆனாலும் அவர்களுக்கென்று தனிக் காப்பீட்டுச் சந்தா வைத்து, வேலையில்லாத நாட்களில் உதவித்தொகை கோரும் வழியையும் திறந்து வைத்திருக்கிறது. 2019-இல் மேற்சொன்ன உடன்படிக்கையை ஆசியாவிலேயே முதலில் ஏற்ற தாய்லாந்து, எழுத்து ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கு வழியே மாதச் சம்பளத்தையும் கட்டாயமாக்கியது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முயன்று பார்க்க முடியாதது எதுவும் இதில் இல்லை.

கடைசி மறுப்பு, கடலில் நடப்பதை யார் கண்காணிப்பது என்பது. கடலுக்குள் போக டோக்கன் தருகிறோம், என்ஜினின் குதிரைத்திறனை அளக்கிறோம், வலைக் கண்ணியின் அளவைப் பார்க்கிறோம், படகில் டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறோம். இத்தனையும் செய்யும் அரசால் ஏறுகிறவர்களின் பெயரையும், திரும்பியபின் கொடுத்த பங்கையும் ஒரு தாளில் எழுதிவாங்க முடியாது என்பதை ஏற்க முடியாது. 2007-ஆம் ஆண்டே தமிழ்நாடு மீனவர் நல வாரியத்துக்குச் சட்டம் இயற்றியது. நல வாரியம் தேவைதான். ஆனால் நிவாரணம் ஆட்சிக்கு ஆட்சி, அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். கூலி கேட்டு வாங்கும் உரிமை அப்படி மாறாது. 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழிலுக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்று பேசுகிறது. முதலாளி இல்லாத தொழில் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அந்தச் சட்டம் துறைமுக வாசலோடு நின்றுவிடும்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஒவ்வொரு டோக்கனோடும் ஏறுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் இணைக்கப்பட வேண்டும். பங்கின் விகிதமும் கழிக்கும் செலவுகளும் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஆளின் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் கணக்குச் சீட்டு தர வேண்டும். ஒரு நடையின் நட்டத்தை அடுத்த நடையில் ஏற்றுவதைத் தடைசெய்ய வேண்டும். கடலில் இருக்கும் நாளுக்கு ஓர் அடித்தளக் கூலியை அரசு அறிவித்து, அதற்கு மேல் வருவதைப் பங்காகப் பிரிக்கட்டும். இந்திய அரசு மீன்பிடி வேலை உடன்படிக்கையை ஏற்க வேண்டும். மீனவர் சங்கங்களும் இதில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பெரும்பாலான சங்கங்களில் படகு உரிமையாளரும் ஆளும் ஒரே பெயரில் நிற்கிறார்கள். டீசல் விலைக்கும் பறிமுதல் செய்த படகுக்கும் எழும் அதே குரல் பங்குக் கணக்குக்கும் எழ வேண்டும். நட்டம் வந்தால் கூலியை இழப்பவருக்கு, கணக்கைப் பார்க்கும் உரிமையாவது வேண்டாமா? அந்த உரிமையைத் தராதவரை அவரைப் பங்காளி என்று அழைக்க நம்மில் யாருக்கும் தகுதி இல்லை.